வேர்ச்சுவல்பொக்ஸில் ஓ.எஸ். ஏறவில்லையா? கீழிருந்து மேலாகப் பிழை பிடிக்கும் முறை

விண்டோஸ் லப்டொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையோ (ஓ.எஸ்.) இன்னொரு விண்டோஸையோ ஏற்றப் பார்த்துப் பாதியில் நிற்பவர்களுக்கு இது. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வகுப்புக்கு ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் லப்டொப்பைத் திறந்ததும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: “சேர், உபுண்டு பிழை போல.” உபுண்டுவில் பிழை இருப்பது அபூர்வம். திரையில் உபுண்டு நிற்கிறது, அவ்வளவுதான். காரணம் பயோஸிலோ (லப்டொப் ஒன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்), வெளியில் ஓடும் விண்டோஸிலோ, பாதி இறங்கிய கோப்பிலோ இருக்கும்.

ஆகவே தேடும் ஒழுங்கு முக்கியம். முதலில் லப்டொப், பிறகு அதில் ஓடும் விண்டோஸ், பிறகு வேர்ச்சுவல்பொக்ஸ், வி.எம். (வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் உருவாக்கும் மெய்நிகர் கணினி) அமைப்புகள், கடைசியில்தான் உள்ளே ஓடும் இன்ஸ்டோலர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது. அடுத்த லப்டொப்பில் திரும்பவும் அதே அலைச்சல். வி.எம்.ஐ அழித்துவிட்டு அதே அமைப்போடு திரும்ப உருவாக்குவதும் வீண்வேலை. அதே பிழைதான் வரும்.

1. தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘அபௌட்’ போய் இரண்டு விடயங்களைப் பாருங்கள்: ரெம் எவ்வளவு, விண்டோஸ் 64 பிட்டா. 32 பிட் விண்டோஸில் வேர்ச்சுவல்பொக்ஸ் 6.0 தொடக்கம் ஓடாது. பழைய லப்டொப் வாங்கியவர்கள் இதை முதலில் பார்த்தால் ஒரு நாள் மிச்சம்.

ரெம் 8 ஜி.பி. என்றால் வி.எம்.முக்கு 4 ஜி.பி. கொடுக்கலாம், உபுண்டு டெஸ்க்டொப் ஓடும். 4 ஜி.பி. மட்டும்தான் என்றால் 2 ஜி.பி.க்கு மேல் கொடுக்க வழியில்லை. அதில் உபுண்டு டெஸ்க்டொப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். லுபுண்டு, அல்லது லினக்ஸ் மின்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு எடுங்கள். டெர்மினலும் கட்டளைகளும் பழகுவதற்கு அவை தாராளமாகப் போதும்.

வன்தட்டில் 40 ஜி.பி.யாவது வெறுமையாக இருக்கட்டும். உபுண்டு கேட்பது 25 ஜி.பி.; ஐ.எஸ்.ஓ. கோப்பும் (இன்ஸ்டோல் டிஸ்க் முழுவதும் ஒரே கோப்பாக) ஸ்னப்ஷொட்டும் (வி.எம்.மின் அந்த நேரத்து நிலையைச் சேமித்த பிரதி) அதற்கு மேல்.

வேர்ச்சுவல்பொக்ஸ் 7 இன்ஸ்டோல் ஆகாமல், மைக்ரோசொஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2019 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் வேண்டும் என்று கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மைக்ரோசொஃப்ட் தளத்தில் அது இலவசம். போட்டுவிட்டுத் திரும்ப ஓடவிடுங்கள். இன்ஸ்டோல் ஆகும்போது இன்டர்நெட் ஒரு கணம் துண்டிக்கப்படும் என்று எச்சரிக்கும். ஐ.எஸ்.ஓ. டவுன்லோட் ஆகிக்கொண்டிருக்கும் நேரத்தில் ‘யெஸ்’ அழுத்திவிடாதீர்கள்.

2. ஐ.எஸ்.ஓ. கோப்பு முழுசாக வந்ததா?

நேரம் பிடிக்கும் வேலை இது என்பதால் இதை முதலில் தொடங்கிவிட்டு, மற்றவற்றைப் பிறகு பாருங்கள். உபுண்டு 24.04 டெஸ்க்டொப் கோப்பு 6 ஜி.பி.க்குக் கிட்ட வரும். பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக உள்ளவர்கள் இரவில் போட்டுவிட்டுப் படுப்பது வழக்கம். நடுச்சாமத்தில் கரண்ட் போய் ரவுட்டர் நின்றால், விடியப் பார்க்கும்போது கோப்பு இருக்கும், முழுசாக இருக்காது. பெயரைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சரிபார்க்க ஒரே வழி செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எழுத்து வரிசை. 7-ஸிப் போட்டிருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ. மெனுவில் எஸ்.எச்.ஏ.-256ஐத் தெரிவு செய்யுங்கள். வரும் 64 எழுத்துகளை டவுன்லோட் தளத்தில் கொடுத்துள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். முதல் எட்டும் கடைசி எட்டும் ஒத்துப்போனால் போதும். பழுதான கோப்பு என்றால் முழு வரிசையும் மாறிப் போயிருக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் வேறெதையும் தொடாதீர்கள், திரும்ப இறக்குங்கள். பாதிக் கோப்போடு தொடங்கினால் இன்ஸ்டோலர் பாதி தூரம் நன்றாகவே ஓடி, கோப்புகளைப் பிரதி செய்யும் கட்டத்தில் விழும். அப்போது ஆள் வன்தட்டைச் சந்தேகிப்பார்.

கம்பஸில் படிக்கும் அண்ணாவிடம் பென் ட்ரைவில் வாங்கி வருபவர்களுக்கு இரண்டு விடயம். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கோப்பி எடுக்கும்போது “கோப்பு மிகப் பெரியது” என்று சொன்னால் பென் ட்ரைவில் இடமில்லை என்று அர்த்தமில்லை. அது ஃபெட்32 முறையில் ஃபோர்மட் ஆகியிருக்கிறது. அந்த முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக்கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபெட்டுக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஐ.எஸ்.ஓ.வைப் பென் ட்ரைவில் வைத்தபடியே வி.எம்.முக்குக் கொடுக்காதீர்கள். வேகமும் இல்லை, நடுவில் யாராவது பிடுங்கினால் இன்ஸ்டோலும் போச்சு. லப்டொப்புக்குள் கோப்பி பண்ணிவிட்டு, அங்கேயும் ஒருமுறை செக்சம் பாருங்கள்.

3. வேர்ச்சுவலைசேஷன் திறந்திருக்கிறதா?

அதிகம் பேர் விழும் குழி இது. வேர்ச்சுவலைசேஷன் என்பது வி.எம். ஓட்டுவதற்காக ப்ரொசெசரிலேயே உள்ள வசதி. டாஸ்க் மெனேஜரைத் திறந்து ‘பெர்ஃபோமன்ஸ்’, ‘சி.பி.யு.’ என்று போங்கள். கீழே ‘வேர்ச்சுவலைசேஷன்’ என்ற வரி இருக்கும். ‘எனேபிள்ட்’ என்றால் அடுத்த படிக்குப் போகலாம். ‘டிஸேபிள்ட்’ என்றால் பயோஸுக்குள் போக வேண்டும்.

இதைப் பாராமல் தொடங்கியவர்கள் மூன்று விதமாக மாட்டுவார்கள். வி.எம். உருவாக்கும்போது பட்டியலில் 32 பிட் பதிப்புகள் மட்டும் தெரியும். அல்லது ‘ஸ்டார்ட்’ அழுத்தியதும் வி.டி.-எக்ஸ் (இன்டெல் ப்ரொசெசரில் இந்த வசதியின் பெயர்) பயோஸில் மூடியிருக்கிறது என்று பிழை வரும். ஏ.எம்.டி. ப்ரொசெசர் என்றால் அதே பிழையில் எஸ்.வி.எம். என்ற பெயர் இருக்கும். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. வேர்ச்சுவல்பொக்ஸ் 6.1 தொடக்கம் ப்ரொசெசரின் இந்த வசதி இல்லாமல் வி.எம். எதையும் ஓடவிடாது.

பயோஸைத் தொடுமுன் ஒரு வேலை: விண்டோஸ் வன்தட்டு பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புது லப்டொப்கள் பலவற்றில் இது தானாகவே ஒன் ஆகியிருக்கும். பயோஸில் கை வைத்த பிறகு அது ரிகவரி கீ கேட்கலாம். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கும். முதலே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லப்டொப்பை வாங்கிக் கொடுத்த கடைக்காரர் தன் கணக்கில் செட் பண்ணிக் கொடுத்திருந்தால், கீயும் அவரிடம்தான். அதை விசாரிக்காமல் பயோஸுக்குள் போக வேண்டாம்.

பிறகு லப்டொப்பை முழுமையாக நிறுத்தி, பவர் பட்டனை அழுத்தியவுடன் டெல், ஏசர், லெனோவோ, ஏசுஸ் என்றால் எஃப்2, எச்.பி. என்றால் எஃப்10ஐ விட்டு விட்டுத் தட்டுங்கள். சில லெனோவோக்களில் எஃப்.என். பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். உள்ளே ‘அட்வான்ஸ்ட்’, ‘சிஸ்டம் கொன்ஃபிகரேஷன்’, ‘செக்யூரிட்டி’ ஆகிய மூன்றில் ஒன்றுக்குள் ‘இன்டெல் வேர்ச்சுவலைசேஷன் டெக்னோலொஜி’ அல்லது ‘எஸ்.வி.எம். மோட்’ இருக்கும். அதை ஒன் செய்து, சேமித்து வெளியேறுங்கள். வேறெதையும் தொடாதீர்கள், குறிப்பாகப் பூட் ஒழுங்கை.

4. மூலையில் ஆமை நிற்கிறதா?

வேர்ச்சுவலைசேஷன் ஒன், வி.எம்.மும் தொடங்குகிறது, ஆனால் இன்ஸ்டோலரில் ஒரு பட்டனை அழுத்தினால் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம் போல இருக்கிறது. வி.எம். ஜன்னலின் கீழ்வரிசையில் வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே பச்சை ஆமை நின்றால், ப்ரொசெசரின் அந்த வசதியை விண்டோஸின் சொந்த வி.எம். வசதியான ஹைப்பர்-வி தன் கையில் வைத்திருக்கிறது. வேர்ச்சுவல்பொக்ஸ் அதன் ஊடாகச் சுற்றி ஓடுகிறது என்று அர்த்தம். பல லப்டொப்களில் வேகம் நன்றாகக் குறையும். சிலவற்றில் இன்ஸ்டோலே நடுவில் உறைந்துபோகும்.

ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி, ஹைப்பர்-வி, வேர்ச்சுவல் மெஷின் பிளட்ஃபோர்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளட்ஃபோர்ம், விண்டோஸ் சேண்ட்பொக்ஸ் ஆகியவற்றின் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டொக்கரோ டபிள்யு.எஸ்.எல். 2ஓ பாவிப்பவர்கள் அவை நின்றுபோகும் என்பதை மறக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ஆமை போகவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கோர் ஐசொலேஷன்’, அதற்குள் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ ஒன் ஆக இருக்கும். இது வைரஸ் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. என் அபிப்பிராயம்: வேகம் தாங்கக்கூடியதாக இருந்தால் ஆமையோடேயே ஓட்டுங்கள். சரிவரவே வராது என்றால் மட்டும் இதை ஒஃப் செய்து, வேலை முடிந்ததும் திரும்ப ஒன் செய்யுங்கள்.

5. வி.எம். உருவாக்கும்போது

பெயரும் ஐ.எஸ்.ஓ.வும் கொடுத்த அதே இடத்தில் ‘அன்அட்டென்டட் இன்ஸ்டலேஷன்’ என்று ஒரு பெட்டி இருக்கும். இதைத் தவிர்த்துவிடுங்கள். அதன் வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. ஒன்றில் ‘ஸ்கிப்’ என்று இருக்கும், அப்போது சரி போட வேண்டும். இன்னொன்றில் ‘ப்ரொசீட்’ என்று இருக்கும், அப்போது சரியை எடுக்க வேண்டும். வாசித்துவிட்டு அழுத்துங்கள்.

ஏன் தவிர்க்க வேண்டும்? அதை விட்டால் வேர்ச்சுவல்பொக்ஸ் உங்களைக் கேட்காமல் தானே எல்லாக் கேள்விக்கும் பதில் கொடுத்து உபுண்டுவை ஏற்றிவிடும். முடிவில் விபொக்ஸ்யூசர் என்ற பெயரில் லொகின் கேட்கும், பாஸ்வேர்ட் ‘சேஞ்ச்மீ’. அந்தக் கணக்குக்கு சுடோ (நிர்வாகி) உரிமை இருக்காது. சில பதிப்புகளில் டெர்மினலே திறக்காது. விண்டோஸ் என்றால் லைசன்ஸ் விதிமுறைக் கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடுவதும் உண்டு. பழகுவதற்காகத்தானே போடுகிறோம், கையாலேயே போடுவோம்.

சி.பி.யு. 2 கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் புதிய லினக்ஸ்கள் பூட் ஆகும்போதே திணறும். ரெம்மோ சி.பி.யு.வோ, இழுக்கும் கோட்டில் பச்சை முடிந்து சிவப்பு தொடங்கும் இடத்தைத் தாண்டாதீர்கள். “கூடக் கொடுத்தால் கூட வேகம்” என்று சொந்த ரெம் முழுவதையும் உள்ளே கொடுத்தால், வெளி விண்டோஸ் மூச்சுத் திணறி இரண்டும் சேர்ந்து நிற்கும்.

டிஸ்ப்ளேயில் வீடியோ மெமரியை 128 எம்.பி. ஆக்குங்கள். 3டி அக்சலரேஷன் இப்போதைக்கு ஒஃப்.

வி.எம். கோப்புகள் வழமையாக சி ட்ரைவில்தான் போய் உட்காரும். சி நிறைந்திருந்தால் டி ட்ரைவுக்கு மாற்றுங்கள். மைக்ரோசொஃப்டின் வன்ட்ரைவ் (OneDrive) சின்க் பண்ணும் போல்டருக்குள் மட்டும் வைக்காதீர்கள்; பல ஜி.பி. கோப்பை மேகத்துக்கு ஏற்றப்போய் மாத டேட்டா முழுவதையும் ஒரே நாளில் குடித்துவிடும்.

6. கறுப்புத் திரையும் ‘பூட்டபிள் மீடியம் இல்லை’ என்ற செய்தியும்

‘நோ பூட்டபிள் மீடியம்’ என்று வந்தால், வி.எம்.மின் டி.வி.டி. இடம் வெறுமையாக இருக்கிறது. செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ போய் ஐ.எஸ்.ஓ.வைத் தெரிவு செய்யுங்கள். கோப்பை வேறு போல்டருக்கு மாற்றிய பிறகும் இதே செய்தி வரும்.

உபுண்டு மெனு தெரிந்து, அதன் பிறகு திரை கறுத்தால் மெனுவில் இரண்டாவதாக உள்ள ‘சேஃப் கிராபிக்ஸ்’ஐத் தெரிவு செய்து பாருங்கள். அதிலும் கறுத்தால் வி.எம்.ஐ நிறுத்தி, கிராபிக்ஸ் கொன்ட்ரோலர் லினக்ஸுக்கு வி.எம்.எஸ்.வி.ஜி.ஏ., விண்டோஸுக்கு விபொக்ஸ் எஸ்.வி.ஜி.ஏ. என்று இருக்கிறதா எனப் பாருங்கள். ஆனால் அதற்குமுன் ஐந்து நிமிடம் பொறுங்கள். சுழலும் வன்தட்டு உள்ள லப்டொப்பில் கறுப்புத் திரை பழுதல்ல, தாமதம்தான். கீழ்வரிசையில் டிஸ்க் விளக்கு மினுங்கினால் வேலை நடக்கிறது.

7. இன்ஸ்டோலருக்குள்

மவுஸ் வி.எம்.முக்குள் மாட்டிக்கொண்டால் வலப்பக்கக் கன்ட்ரோல் பட்டனை ஒருமுறை தட்டுங்கள், வெளியே வரும். அந்தப் பட்டன் இல்லாத லப்டொப் என்றால் ‘ப்ரிஃபரன்ஸஸ்’, ‘இன்புட்’ போய் வேறொரு பட்டனுக்கு முதலே மாற்றிவிடுங்கள்.

திரை சிறிதாக வந்து ‘நெக்ஸ்ட்’ பட்டன் கீழே மறைந்திருப்பது அடிக்கடி நடக்கும். உபுண்டுவில் விண்டோஸ் பட்டனை அழுத்தியபடி ஜன்னலின் எந்த இடத்தையும் பிடித்து மேலே இழுக்கலாம்.

அடுத்தது எல்லோரையும் நடுங்கவைக்கும் இடம்: ‘டிஸ்கை அழித்து உபுண்டுவை நிறுவு’. வி.எம்.முக்குள் இருக்கும்வரை அது அழிப்பது நீங்கள் உருவாக்கிய மெய்நிகர் டிஸ்கை மட்டும். அப்பாவின் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. அழுத்தலாம். ஆனால் அதே உபுண்டுவைப் பென் ட்ரைவில் எழுதி லப்டொப்பையே அதிலிருந்து பூட் பண்ணும் நாளில், இதே பக்கம் இதே வார்த்தையோடு வரும். அன்று அது உண்மையாகவே எல்லாவற்றையும் அழிக்கும். பக்கத்தில் காட்டும் அளவைப் பார்க்கப் பழகுங்கள்: 25 ஜி.பி. என்றால் வி.எம்., 500 என்றால் கையை எடுங்கள்.

‘இன்ஸ்டோல் ஆகும்போது அப்டேட் இறக்கு’ என்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இருப்பவர்கள் நெட்வேர்க் செட்டிங்ஸில் ‘கேபிள் கனெக்டட்’ஐயே கழற்றிவிட்டு இன்ஸ்டோல் செய்தால் டேட்டாவும் மிச்சம், நேரமும் மிச்சம். நேர வலயம் உபுண்டுவில் கொழும்பு. விண்டோஸில் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்று இருக்கும், கொழும்பைத் தேடிக் களைக்க வேண்டாம். கீபோர்ட் ஆங்கிலமாகவே இருக்கட்டும், தமிழைப் பிறகு சேர்க்கலாம். இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் எந்த எழுத்தில் அடிபட்டது என்றே தெரியாமல் லொகினில் நிற்பீர்கள்.

8. முதல் ரீஸ்டார்ட்

இன்ஸ்டோல் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் “திரும்ப முதலிலிருந்து வருது சேர்” என்பார்கள். ஐ.எஸ்.ஓ. இன்னும் டி.வி.டி. இடத்தில் இருக்கிறது, அதிலிருந்தே பூட் ஆகிறது. ‘டிவைசஸ்’ மெனுவில் ‘ஒப்டிகல் ட்ரைவ்ஸ்’ போய் டிஸ்கை எடுத்துவிட்டு ரீசெட் செய்யுங்கள்.

விண்டோஸில் விடயம் வேறு. முதல் தடவை ‘ஏதாவது பட்டனை அழுத்து’ என்று வரும்போது உடனே அழுத்த வேண்டும். விட்டால் பூட் ஆகாமல் எங்கோ போய் நிற்கும். இரண்டாவது தடவை அதே செய்தி வரும்போது அழுத்தக் கூடாது.

9. விண்டோஸ் 11 மட்டும் அடம்பிடித்தால்

‘இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது’ என்று வந்தால் வி.எம். செட்டிங்ஸில் டி.பி.எம். 2.0, ஈ.எஃப்.ஐ., செக்யூர் பூட் மூன்றும் ஒன் ஆக இருக்கிறதா பாருங்கள். இவற்றில் டி.பி.எம்.மும் செக்யூர் பூட்டும் 2022இல் வந்த வேர்ச்சுவல்பொக்ஸ் 7.0 தொடக்கம்தான் உண்டு. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் புதுப்பிக்க வேண்டும். ரெம் 4 ஜி.பி., டிஸ்க் 64 ஜி.பி., சி.பி.யு. 2 என்பவை மைக்ரோசொஃப்ட் கேட்கும் குறைந்தபட்சம். 8 ஜி.பி. லப்டொப்பில் இதைப் போடலாம். பாவிக்கச் சந்தோசமாக இருக்காது.

10. நடுவில் நின்றுபோனால்

வி.எம். தானாக ‘போஸ்ட்’ (Paused) ஆகி, அதாவது இடையில் நின்று, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று செய்தி வந்தால், நிறைந்தது பெரும்பாலும் வெளி லப்டொப்பின் ட்ரைவ். மெய்நிகர் டிஸ்க் கோப்பு சிறிதாகத் தொடங்கி, உள்ளே எழுத எழுத வளரும். வி.எம்.ஐ மூட வேண்டாம். வெளியே பழைய படங்களையோ ரீசைக்கிள் பின்னையோ அழித்து இடம் எடுத்துவிட்டு ‘ரெஸ்யூம்’ கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து ஓடும்.

மாரி காலத்தில் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. பற்றரி செத்த லப்டொப் வைத்திருப்பவர்கள் கார்த்திகை, மார்கழியில் மழை இருட்டும் நேரம் இன்ஸ்டோலைத் தொடங்காதீர்கள். பற்றரி உள்ளவர்கள் கரண்ட் போனதும் வி.எம். ஜன்னலை மூடி, ‘சேவ் த மெஷின் ஸ்டேட்’ கொடுங்கள். ‘பவர் ஓஃப்’ என்பது ப்ளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். பாதி எழுதிய டிஸ்க் பழுதாகும். இன்ஸ்டோல் பாதியில் அப்படி அறுந்திருந்தால் ஒட்டவைக்க முயலாமல் அந்த மெய்நிகர் டிஸ்கை மட்டும் அழித்துப் புதிது போடுங்கள், வி.எம். அமைப்புகள் அப்படியே இருக்கும்.

கச்சான் காற்றுக் காலத்து உச்சி வெயிலில் லப்டொப்பை மெத்தையில் வைத்து இன்ஸ்டோல் செய்பவர்களையும் பார்க்கிறேன். சூடேறினால் ப்ரொசெசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசையில் வைத்து, ஃபேனுக்கு எதிரே வையுங்கள்.

11. ஏறிய பிறகு உடனே செய்ய வேண்டியது

கெஸ்ட் அடிஷன்ஸ் (வி.எம்.முக்குள் நிறுவும் வேர்ச்சுவல்பொக்ஸின் துணை மென்பொருள்) போடுங்கள். திரை முழு அளவுக்கு வரும், கோப்பி பேஸ்ட் வேலை செய்யும். லினக்ஸில் அதற்குமுன் பில்ட்-எசென்ஷியல், டி.கே.எம்.எஸ். இரண்டையும் நிறுவாவிட்டால் பாதியில் விழும். ஷெயார்ட் போல்டர் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனரை ‘விபொக்ஸ்எஸ்எஃப்’ குழுவில் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எல்லாம் சரி என்றானதும் ஒரு ஸ்னப்ஷொட். ஒன்று போதும், ஒவ்வொன்றும் தனிக்கோப்பாக வளர்ந்து இடத்தைத் தின்னும்.

நண்பருக்குக் கொடுக்க விரும்பினால் மெய்நிகர் டிஸ்க் கோப்பை வெறுமனே கோப்பி பண்ணிக் கொடுக்காதீர்கள். ஒரே லப்டொப்பில் இரண்டு பிரதி சேர்ந்தால் ஒரே யு.யு.ஐ.டி. (டிஸ்கின் அடையாள இலக்கம்) ஏற்கெனவே உள்ளது என்று மறுக்கும். ‘ஃபைல்’ மெனுவில் ‘எக்ஸ்போர்ட் அப்ளயன்ஸ்’ கொடுத்து வரும் ஓ.வி.ஏ. கோப்பைக் கொடுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை சரியாகப் போட்டால் மற்றவர்களுக்கு இதுதான் சுருக்கு வழி.

12. உதவி கேட்கும்போது என்ன அனுப்புவது

“வேலை செய்யுதில்லை” என்று வட்ஸ்அப்பில் வந்தால் யாருக்கும் பதில் சொல்ல ஏலாது. பிழைப் பெட்டியில் ‘டீடெயில்ஸ்’ஐத் திறந்து, அந்தக் கோட் முழுவதும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். வி.எம்.மின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஷோ லொக்’ கொடுத்தால் வரும் கோப்பைச் சேமித்து அதையும் அனுப்புங்கள். அதோடு லப்டொப் மொடல், ரெம், வேர்ச்சுவல்பொக்ஸ் பதிப்பு, ஐ.எஸ்.ஓ. கோப்பின் முழுப்பெயர், செக்சம் ஒத்துப்போனதா இல்லையா, கடைசியாக எதை மாற்றினீர்கள். இவ்வளவும் வந்தால் பதில் பெரும்பாலும் ஒரே மெசேஜில் முடியும்.